ஆஸ்பத்திரி வாசலில் துணையிருந்தாள்

வேப்பமர நிழலையே விதானமாக விரித்து, வாடி வருபவரை வாஞ்சையோடு வரவேற்கும் இந்தத் திருவாசலில், இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும், பித்தளை வணிகத்தில் பெயர் பெற்றதைவிடப் பிறர் துயரில் பங்கு பெற்றதால் பெருமை பெற்ற பெரியவர் பஞ்சநதம் அவர்களே. முதல் நாள் முதல் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத கடைக்காரர், என் அன்புக்குரிய அஹமது கபீர் அவர்களே. இரவென்றும் பகலென்றும் பாராமல் இந்த வாசலில் கண் விழித்த தாய்மார்களே, தந்தைமார்களே. நோயாளிக்குக் கஞ்சி எடுத்து வந்து, வழியில் என் குரல் கேட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்ட அன்பர்களே. உங்கள் ஒவ்வொருவர் பாதத்துக்கும் என் பணிவான வணக்கம்.

கஞ்சியோடு நிற்பவர்கள் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். பேச்சு ஆறினால் பரவாயில்லை, கஞ்சி ஆறக்கூடாது.

என் பெயர் குஞ்சிதபாதம். பெயரில் இருப்பது தில்லைப் பெருமானின் தூக்கிய திருவடி. நான் முப்பது ஆண்டு உடுத்தியிருந்ததோ கருப்புச் சட்டை. எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன். கடவுள் இல்லை என்று கடைத்தெருவில் நின்று பேசியவனை அம்மன் விழாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே, இது அம்மனுக்குச் சோதனையா, எனக்குச் சோதனையா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் நான் உங்களை அழ வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் என்பது என்ன ஊர்? கண் திறந்தால் கோபுரம், காது திறந்தால் மணியோசை, கால் வைத்தால் தீர்த்தக் கரை. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தலபுராணம், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கல்வெட்டு. தாராசுரத்துப் படிக்கட்டில் தட்டினால் இசை வருகிறது. இத்தனை பெருமைக்கு நடுவே நம் துணையிருந்தாளுக்கு என்ன இருக்கிறது? கோபுரம் உண்டா? இல்லை. கொடிமரம் உண்டா? இல்லை. மன்னன் எவனாவது மானியம் விட்டானா? இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு செங்கல், ஓர் அகல். அவ்வளவுதான். ஆனால் டவுன் பஸ் கண்டக்டரைக் கேளுங்கள். 'ஆஸ்பத்திரி ஸ்டாப்' என்று அவர் கூவுவதில்லை. 'துணையிருந்தா எறங்கு' என்றுதான் கூவுகிறார்.

இவள் எப்படி வந்தாள், இந்தப் பெயர் எப்படி வந்தது? பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆற்றில் மிதந்து வந்தாள் என்கிறார்கள்; ஒருவர் கனவில் வந்தாள் என்கிறார்கள். போன வருடம் ஒரு புத்தகமே போட்டுவிட்டார்கள், சோழர் காலம் என்று. அன்பர்களே, அவள் பிறந்த அன்று நான் இங்கே நின்றுகொண்டிருந்தேன். சோழர் யாரும் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, தை மாதம். ஆட்சி மாறி ஓராண்டுகூட நிறையவில்லை. நஞ்சை கொழித்த தஞ்சையிலே நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்த நேரம். கதிர் முற்றி நின்றது. கோபம் அதைவிட முற்றி நின்றது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட வேண்டும் என்று சங்கம் கேட்டது. முடியாது என்றார்கள் நிலக்காரர்கள். நீங்கள் அறுக்காவிட்டால் வெளியூர் ஆளை வைத்து அறுப்போம் என்றார்கள். எங்கள் கால் பட்டு விளைந்த நெல்லில் வேறு ஆள் அரிவாள் வைப்பதா என்று கேட்டார்கள் இவர்கள். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், சேற்றில் நின்றவன் பக்கம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வழக்கின் கதை அல்ல, வாசலின் கதை.

நன்னிலம் தாலுகாவில், குடவாசலுக்குக் கிழக்கே ஓர் ஊர். துரைக்கண்ணு என்பவருக்கு அங்கே இரண்டு வேலி நிலம். அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசை. அதில் காத்தான். காத்தானின் அப்பனும் அங்கேதான் உழைத்தார், அந்த அப்பனுக்கு அப்பனும் அங்கேதான் உழைத்தார். அறுப்பன்று வெளியூர் ஆட்கள் வயலில் இறங்க, ஊர் ஆட்கள் மறிக்க, கலவரமாகிவிட்டது. முதலில் கை ஓங்கியது யார்? இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன். அந்தத் தெருவில் ஒரு பதில், இந்தத் தெருவில் ஒரு பதில். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மதியம் ஒரு காரில் துரைக்கண்ணு வந்தார், தோளில் அரிவாள் வெட்டு. சாயங்காலம் ஒரு மாட்டுவண்டியில் காத்தான் வந்தார், மண்டையில் தடியடி. காருக்கும் வண்டிக்கும் நாலு மணி நேர வித்தியாசம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நாலடிதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் நினைவில்லை.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் எங்கே இருப்பது? கேட்டுக்கு வெளியே, இதோ இந்த மரத்தடியில். மரத்துக்குக் கிழக்கே துரைக்கண்ணுவின் மனைவி பிரகதாம்பாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். பட்டுப் பார்டர் போட்ட புடவை கசங்கி, தலை கலைந்து உட்கார்ந்திருந்தார். மேற்கே காத்தானின் மனைவி செவ்வந்தி. இருபத்தைந்து வயது. கையில் ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் மரம். மரம் மட்டுமா நடுவில் இருந்தது? ஊரில் பிரகதாம்பாள் நடக்கிற தெருவில் செவ்வந்தி நடக்க முடியாது. அவர் வீட்டுக் கிணற்றை இவர் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். போதாதென்று இப்போது ரத்தமும் நடுவில் வந்துவிட்டது. மூன்று நாள் அப்படியே. ஆளுக்கொரு பக்கம், முதுகுக்கு முதுகு.

நாலாம் நாள் காலை. ஏழு மணி இருக்கும். வார்டிலிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வெளியே வருகிறது. மேலே வெள்ளைத் துணி, தலையோடு மூடியிருக்கிறது. தள்ளிக்கொண்டு வந்தவர் ஆயா கண்ணாத்தாள். இரண்டு பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"யாரும்மா அது?"

"எனக்குத் தெரியலம்மா. அறுப்பு வயல்லேருந்து வந்த ஆளுன்னு உள்ள பேசிக்கிட்டாங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாத்தாள் பிணவறைப் பக்கம் போய்விட்டார். அவர் மேல் பிழையில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நான் வேலைக்கு வருகிறேன், கருப்புச் சட்டையும் சைக்கிளுமாக. பிரகதாம்பாள் என் சைக்கிளை மறித்துக் கேட்டார்: "ஐயா, அது யாருன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"இருங்கம்மா, பாத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனேன். வார்டில் டாக்டர் வந்திருந்தார், யாரையும் விடவில்லை. ஆபீஸ் அறை பூட்டியிருந்தது, சாவி வர நேரமாகிவிட்டது. கால் மணி நேரம். அன்பர்களே, கால் மணி நேரம் என்பது எவ்வளவு? ஒரு காபி குடிக்கிற நேரம், ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் இந்த மரத்தடியில் என்ன நடந்தது என்பதைப் பல ஆண்டு கழித்துச் செவ்வந்தி அம்மா எனக்குச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பேசியது செவ்வந்தி. மூன்று நாளில் முதல் பேச்சு.

"அம்மா, அது ஒங்க வீட்டு ஐயாவா இருக்காதும்மா."

பிரகதாம்பாள் அவரைப் பார்த்தார். "அவரு இல்லன்னா, அது ஒன் வீட்டுக்காரன்தானே செவ்வந்தி."

இதற்கு என்ன பதில் சொல்வது? என் புருஷன் பிழைக்கட்டும் என்று வேண்டினால், எதிரே நிற்பவள் தாலி அறுபடட்டும் என்று வேண்டுவதாகும். அவள் புருஷன் பிழைக்கட்டும் என்றால், தன் தாலியைத் தானே கழற்றிக் கொடுப்பதாகும். எந்த வேதம் படித்தவர் இதற்கு வழி சொல்வார்? எந்தப் பகுத்தறிவு படித்தவன் இதற்கு வழி சொல்வான்? என்னால் சொல்ல முடியாது. எழுத்தறியாத செவ்வந்தி சொன்னார்.

"அதுவும் வேணாம்மா. இதுவும் வேணாம்."

"ஆமாண்டி. ரெண்டு பேரும் வேணாம்" என்றார் பிரகதாம்பாள். சொல்லும்போதே செவ்வந்தியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். செவ்வந்தி பதறிப்போய், "அம்மா, கைய விடுங்க, யாராச்சும் பாத்தா" என்றார். "பாக்கட்டும், நான்தானே புடிச்சேன்" என்று பிரகதாம்பாள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார்கள், கால் மணி நேரமும்.

நான் ஓடி வந்தேன். நல்ல சேதி கொண்டுவருகிறவனின் ஓட்டம். "அம்மா, ரெண்டு பேரும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. இது வேற ஆளும்மா" என்றேன். இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். எனக்கும் மகிழ்ச்சி. என் வேலை முடிந்தது என்று திரும்பினேன்.

செவ்வந்தி தலையைத் தூக்கிக் கேட்டார்: "அப்ப அது யாருங்க?"

அவையோரே, நான் வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்கவே இல்லை. ஏட்டில் பார்த்தேன், இவர்கள் ஆள் இல்லை என்று தெரிந்தது, ஓடி வந்துவிட்டேன். "பேரு தெரியாதும்மா. அறுப்பு வேலைக்குத் தெக்கேருந்து வந்தவரு. வேற ஊரு வயல்ல காய்ச்சல்ல விழுந்துட்டாராம், யாரோ கொண்டாந்து சேத்துட்டுப் போயிட்டாங்க. கூட ஆளு யாருமில்ல" என்றேன்.

பிரகதாம்பாள் வாயில் கை வைத்துக்கொண்டார். "நாம வேணாம் வேணாம்னோம். அது அந்தப் புள்ள தலையில போயி விழுந்துடுச்சேடி."

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் அல்லவா? "அவரு விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரும்மா. நீங்க வேண்டிக்கிட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று விளக்கம் சொன்னேன்.

செவ்வந்தி என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "சம்பந்தமில்லாம எப்படிங்க போவும்? அந்தாளுக்கும் ஒரு பொண்டாட்டி எந்த ஊருலயோ ஒக்காந்திருக்கா. அவளுக்கு ஒக்கார ஒரு மரத்தடிகூட இல்லையே."

சொல்லிவிட்டு நேரே பிணவறை வாசலுக்குப் போனார். அங்கே மண்ணில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். பெயர் தெரியாதவனை என்ன சொல்லி அழுவது? "அறுப்புக்கு வந்த ராசா" என்று அழுதார்.

"பேரு தெரியலியே, ஒன்னப்
பெத்தவளத் தெரியலியே,
ஊரு தெரியலியே, ஒனக்கு
ஒறவுசனம் தெரியலியே."

யாரை நினைத்து அழுதார்? வெளியூர் ஆள். எந்த வெளியூர் ஆளை வயலில் இறங்கவிடாமல் தடுக்கப் போய் அவர் கணவன் மண்டை உடைந்து கிடக்கிறாரோ, அந்த மாதிரி ஆள். தெருவில் உட்கார்ந்து அழுது பழக்கமில்லாத பிரகதாம்பாள் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்கு முந்தைய பத்து வருடத்தில் அந்தப் பிணவறைக்கு எத்தனையோ பெயரில்லாதவர்களை நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்காக ஒரு குரல் அழுது அன்றுதான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த மனிதனுக்காக ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்றார் பிரகதாம்பாள். செவ்வந்தி எங்கிருந்தோ ஒரு செங்கல் கொண்டுவந்தார். அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எதிர்க்கடையிலிருந்து கபீர் பாய் அகலும் எண்ணெயும் கொடுத்தார். பிரகதாம்பாள் குச்சி உரசுகிறார், காற்று அணைக்கிறது. செவ்வந்தி எட்டவே நிற்கிறார்.

"கிட்ட வா செவ்வந்தி. ஒன் கைய இப்படி மறச்சுப் புடி."

இரண்டு கை மறைக்க, இரண்டு கை ஏற்ற, அகல் பிடித்துக்கொண்டது. அன்பர்களே, துணையிருந்தாள் பிறந்தது அப்போதுதான்.

காவலாளி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் சாமி வைக்கக் கூடாது, எடு என்றார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "கருப்புச் சட்டை, நீங்களே சொல்லுங்க" என்றார். "இருக்கட்டும்யா" என்றேன். மறுநாள் படிப்பகத்தில் என் தோழர்கள் என்னை விசாரித்தார்கள். செங்கல்லுக்குக் காவல் நின்றாயாமே என்றார்கள். "செங்கல்லுக்கு நிற்கவில்லை தோழரே, அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நின்றேன்" என்றேன். இன்றுவரை நான் அவளைக் கைகூப்பிக் கும்பிட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

பதினோராம் நாள் துரைக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. கார் வந்தது. அப்போதுதான் மனைவி யாரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார்.

"என்ன பிரகதா இது? நம்மள வெட்டுன கூட்டம்."

"அடிச்ச கூட்டத்துல நான் வாக்கப்பட்டிருக்கேன். அவ ஒண்ணும் கேக்கலயே. வண்டியில ஏறுங்க."

கணவனை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார் அந்த அம்மையார். காத்தான் இன்னும் உள்ளே கிடந்தார் அல்லவா? இன்னும் ஒன்பது நாள் செவ்வந்தியோடு இங்கே உட்கார்ந்திருந்தார். ஊரில் பேசாத பேச்சில்லை. காத்தான் பிழைத்தார், இடது கண் போய்விட்டது.

இரண்டு பெண்கள் கைகோத்ததும் காவிரிக் கரையெங்கும் அமைதி பூத்தது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அதே ஆண்டின் கடைசியில் கீழைப் பகுதியில், கூலி கேட்டவர்களின் குடிசைகளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை இந்த மேடையில் சொல்ல எனக்கு நா எழவில்லை. துரைக்கண்ணு வீட்டுப் பங்காளிகளும் காத்தானின் குடிசையைப் பிரித்தெறியப் போனார்கள். பிரகதாம்பாள் குடிசை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். "பிரிக்கறதுன்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் பிரிங்க" என்றார். யாருக்குத் தூக்கத் துணிச்சல்? குடியிருப்பு மனைக்குச் சட்டம் வரும்வரை அந்தக் குடிசை நின்றது. சட்டம் வந்தது, மனை காத்தானுடையது ஆயிற்று.

ஆண்டுதோறும் தை மாதம் அந்த நாளில், ஒரே ஊரிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் வந்து இங்கே அகல் ஏற்றிவிட்டுப் போனார்கள். பதின்மூன்று ஆண்டு. பார்த்தவர்கள் கேட்டார்கள், கேட்டவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் அழுது ஆறினார்கள். அப்படித்தான் கூட்டமும் சேர்ந்தது, துணையிருந்தாள் என்ற பெயரும் வந்தது.

எண்பத்தொன்றில் பிரகதாம்பாளை இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். செவ்வந்தி மரத்தடியில் உட்கார்ந்தார். மரத்தின் மறுபக்கத்தில் துரைக்கண்ணு வந்து உட்கார்ந்தார். எழும்பாத கையோடு, முடி நரைத்து. மூன்றாம் நாள் அவர் எழுந்து வந்து செவ்வந்தியிடம் ஒரு டம்ளர் காபியை நீட்டினார். "குடிம்மா" என்றார். பதின்மூன்று ஆண்டில் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. ஏழாம் நாள் பிரகதாம்பாள் போய்விட்டார்.

அடுத்த தை வந்தது. செவ்வந்தி தனியாக வந்தார். அகலில் எண்ணெய் விட்டார், திரி போட்டார், குச்சியை எடுத்தார். ஏற்றவில்லை. எதிரே நான் மருந்தறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருட்டத் தொடங்கியது, அவர் அப்படியே நிற்கிறார். பிறகு சுற்றிப் பார்த்தார். கேட்டருகே துப்பட்டி போர்த்திய ஒரு சின்னப் பெண், கணவன் காதர் மைதீன் உள்ளே குடல் ஆப்பரேஷனில் கிடக்க, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"யம்மா, ஒரு கை குடு. காத்தடிக்குது."

"நாங்க முஸ்லிமுங்க. இதுல நான் கைய வைக்கலாமா?"

"காத்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா. கைய வை."

அன்றிலிருந்துதான், தாய்மார்களே, இந்தக் கோயிலின் முதல் வழக்கம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சேர்ந்தால்தான் இங்கே விளக்கு ஏறும். கோடீசுவரர் வந்தாலும் தனியாக ஏற்ற முடியாது. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். காணிக்கையாகப் பட்டு கொண்டுவர வேண்டாம், கோரைப்பாய் கொண்டுவாருங்கள். உங்கள் ஆள் பிழைத்து வீடு திரும்பினால், அடுத்துக் காத்திருப்பவர் படுக்க ஒரு பாய். இங்கே யாரும் உங்களை எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்க மாட்டார்கள். சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பார்கள். தை மாதத்து இந்த நாளில் ஆதரவற்று இறந்தவர்களுக்காக இங்கே ஒப்பாரி வைக்கிறோம். கோயிலில் ஒப்பாரியா, அமங்கலமில்லையா என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார். ஐயா, அழ ஆளில்லாமல் ஒரு மனிதன் போவதைவிட அமங்கலம் இந்த மண்ணில் வேறு உண்டா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

இன்று செவ்வந்தி அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்று நோட்டீஸ் அடித்தோம். காலையிலேயே வந்துவிட்டார். நாலு மணிக்கு மேடைக்குக் கூப்பிடப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில், தாராசுரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரை மதியம் ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். "விழாவே ஒங்களுக்குத்தாம்மா, வாங்க" என்றேன். "அவரு வெளிய வரட்டுங்க. இந்தப் பொண்ண எப்படி விட்டுட்டு வர்றது?" என்றார். இன்னும் வரவில்லை. பொன்னாடை தலைவர் மடியில் மடித்தபடி இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். கும்பிடச் சொல்லவில்லை, கும்பிட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்து நேரே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். இந்தச் சுவர் ஓரமாக மெதுவாக நடந்து போங்கள். அங்கே இப்போது முப்பது பேராவது உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே யாருக்கோ என்னவோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தனியாக இருந்தால், பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். பேசத் தெரியாவிட்டால் பேச வேண்டாம். இருந்தால் போதும்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் பொறுமைக்கும், இந்தக் கருப்புச் சட்டைக்காரனுக்கும் மேடை கொடுத்த விழாக் குழுவின் பெருந்தன்மைக்கும் நன்றி கூறி, உங்கள் வீட்டில் எவரும் எந்த வாசலிலும் தனியே நிற்காதிருக்கட்டும் என்று வாழ்த்தி, வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.